ஹாஜியார் குனிந்து பாராத அடிப்பக்கம்

வாகனங்களின் அடிப்பக்கத்தைச் சுரண்டிக் கழுவிப் பெயின்ட் அடிப்பது என் தொழில். மாத்தளைப் பக்கம் பலாபத்வலயில் வீட்டோடு ஒட்டி ஒரு குழி வெட்டி, மேலே தகரம் போட்டிருக்கிறேன். மிளகு ஏற்றுகிற லொறி, பள்ளிக்கூட வேன், தோட்டத்து டிரக்டர் எல்லாம் என் தலைக்கு மேலே நின்று போனவைதான். மேலே பட்டுத் திரைச்சீலை கட்டிய வேனின் கீழே தகரம் கிழிந்து தொங்குவதைப் பார்த்துப் பார்த்து, ஆட்களைப் பற்றியும் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லாமல் போய்விட்டது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

ஹாஜியாரின் காரைக் கண்டதுமே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் மாத்தளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கிறவர். கார் அவர் கொழும்பில் யாரிடமோ வாங்கியது. இங்கிலாந்தில் செய்தது, வயது ஐம்பதுக்கு மேல். இரண்டே கதவு, தரையோடு பதுங்கிய தவளை போல உடம்பு. அந்த உடம்பு தகரமும் இல்லை, ஃபைபர். கூரைமேல் தண்ணீர்த் தாங்கி செய்கிறார்களே, கிட்டத்தட்ட அதே சாமான். தட்டிப் பார்த்தால் வாளியைத் தட்டின சத்தம். இதற்குத்தான் ஊரே வாயைப் பிளந்து நின்றது.

"துருப்புடிக்க இதுல இரும்பு எங்க ஈக்கி, நானா?" என்று என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்டார் ஹாஜியார். "அடியில தொடைச்சி, கறுப்பு அடிச்சி, பளபளன்னு தாங்க. ஞாயிற்றுக்கிழமை கண்டியில பழைய கார்க் கண்காட்சி. கார்களுக்குக் கீழ கண்ணாடி வைப்பாங்க. வாரவங்க குனியாமலே அடிப்பக்கம் பார்க்கலாம்."

"நீங்க குனிஞ்சி பாத்திருக்கீங்களா, ஹாஜியார்?"

வெள்ளை ஜுப்பாவைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி குழியின் விளிம்பில் நின்று சிரித்தார். "அதுக்குத்தானே நீங்க ஈக்கிறீங்க."

ஐந்து நேரமும் குனிகிற மனிதர், சொந்தக் காருக்கு ஒரு நேரம் குனியவில்லை.

முன்சீட்டு முழுக்கத் துணிப்பெட்டி. பின்னால் குறுகி உட்கார்ந்து வந்திருந்த அவருடைய மகள் இறங்கி, அபாயாவைச் சரிசெய்துகொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். "மாமா, பின்னுக்கு இருந்தா அடியில ஒரு சத்தம் கேக்குது. வாப்பாக்குச் சொன்னா நம்புறாரில்ல. ஞாயிற்றுக்கிழமையும் நான் பின்னுக்குத்தான்."

"பாக்குறேன் மகள்" என்றேன்.

இரண்டு நாள் அடியில் ஊறியிருந்த எண்ணெயை எடுப்பதிலேயே போனது. எங்கள் பக்கத்து சர்விஸ் ஆட்களுக்கு ஒரு பழக்கம்: எது வந்தாலும் கழுவி முடித்து, அடியில் எஞ்சினில் எரிந்த பழைய ஒயிலைப் பீச்சி அனுப்புவார்கள். மழையில் ஓடும் லொறியின் இரும்புக்கு அது நல்லது. ஃபைபருக்கு அது கேடு. ஒயில் ஊறிய இடத்தில் எந்தப் பெயின்டும் பிடிக்காது, கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஹாஜியார் ஒவ்வொரு சர்விஸிலும் கூடக் கொஞ்சம் அடிக்கச் சொல்லியிருக்கிறார். விலை கூடிய கார் அல்லவா. நானும், என்னோடு வேலை செய்கிற என் மனைவியின் தம்பியும் மண்ணெண்ணெயால் துடைத்து, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, மறுபடி துடைத்தோம். ஃபைபரில் கம்பிப் பிரஷ் போடக் கூடாது, நார் கிளம்பிவிடும். கிளம்பின கொஞ்ச நார் கழுத்தில் ஒட்டி அரித்த அரிப்பில், மனைவி நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை மற்ற உடுப்போடு துவைக்கப் போட விடவில்லை.

வியாழக்கிழமை காலை பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பகுதிக்கு வந்தேன். ஃபைபர் உடம்பைத் தாங்குவது செசி என்கிற இரும்புச் சட்டம். உடம்பும் செசியும் சேரும் இடுக்கில் எத்தனையோ வருடத்துச் சேறு இறுகிக் கிடந்தது. அதைத் தோண்டி எடுத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரால் தட்டினேன். தேத்தண்ணியில் ஊறின பிஸ்கட்டுக்குள் போவது போல நுனி உள்ளே போய்விட்டது. பின் அச்சைப் பிடிக்கும் தண்டு பூட்டியிருக்கும் இடம் அது, விட்டால் ஓடும்போதே அச்சு கழன்றுவிடும். நேர் மேலே பின்சீட்டு.

மச்சினன் எட்டிப் பார்த்தான். "பேசாம கறுப்ப அடிச்சி மூடுவோம், மச்சான். அவருக்கு வேண்டியது கண்ணாடில ஓடுற கார்தானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையை எழுதுகிறேன்: மூடினது அவன் இல்லை, நான்தான். துருப்பிடிக்காத காருக்கு இது போதும், இந்த மனிதருக்கு இது போதும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டையில் புட்டிப் பசையை அப்பி, மேலே தடிப்பாகக் கறுப்பு அடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மதியத் தொழுகை ளுஹருக்கு நேரமானது. கையில் தாரோ பெயின்டோ ஒட்டியிருந்தால் தண்ணீர் தோலில் படாது, தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுகிற வுழூ கூடாது, அதாவது நிறைவேறாது. அதனால் என் தொழிலில் தொழுகைக்குமுன் தேங்காய் எண்ணெய், பிறகு மண்ணெண்ணெய், பிறகு சவர்க்காரம் என்று கையோடு ஒரு சண்டை. அந்த வாடையோடு பள்ளிவாசலுக்குப் போக வெட்கம், வேலை நாளில் வீட்டில்தான் தொழுவேன். அன்றும் தொழுதேன். ஸலாம் கொடுத்துக் கையை ஏந்தும்போதுதான் பார்த்தேன், கட்டைவிரல் நகத்தின் மேலே கறுப்பாக ஒரு கோடு.

எழும்பிப் போய்ச் சுரண்டிக் கழுவி, மறுபடி வுழூ செய்து, மறுபடி தொழுதேன். ஒரு நகத்தில் இருந்த கோட்டுக்காக. அந்த இரண்டாவது தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்றே எனக்குப் பிடிபடவில்லை. "நான் பின்னுக்குத்தான்" என்று அந்தப் பிள்ளை சொன்னது காதுக்குள் நின்றது. நானும் "பாக்குறேன் மகள்" என்று சொல்லியிருந்தேன்.

குழிக்குள் இறங்கிச் சுரண்ட ஆரம்பித்தேன்.

"என்னா மச்சான், அடிச்ச பெயின்ட் காய முந்தியே?"

"வுழூ கூடல்ல."

"உங்கட வுழூக்கும் அவர்ட காருக்கும் என்னா?"

ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பெயின்டால் ஒரு வட்டம் போட்டேன்.

சனிக்கிழமை தகப்பனும் மகளும் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார்கள். குனிய மாட்டாரே என்று, வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து காருக்குக் கீழே சாய்த்து வைத்திருந்தேன். ஹாஜியார் நின்றபடியே பார்த்துத் தலையாட்டினார். பிறகு தலை நின்றது.

"அது என்ன வட்டம்?"

"ஓட்ட, ஹாஜியார். மகள் உட்கார்ற எடத்துக்கு நேர் கீழ."

"நான் கேட்டது பெயின்ட்."

"அடிச்சேன். அடிச்சதயும் சுரண்டிட்டேன். வெல்டிங் பண்ணிட்டு வாங்க, திரும்ப அடிச்சித் தாறேன். அது வரைக்கும் ரோட்டுல எடுக்க வாணாம்."

"நாளைக்குக் கண்காட்சி, நானா. ஆட்களுக்கெல்லாம் சொல்லிட்டேன்."

"லொறில ஏத்திட்டுப் போங்க."

"என்ட கார லொறிலயா?" என்று மச்சினனைப் பார்த்தார், அவனாவது மனிதன் என்பது போல. அவன் துணியை மடித்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில் மகள் கீழே உட்கார்ந்தாள். அபாயா ஒயில் மண்ணில் படுவதைப் பார்க்காமல் ஒரு கையைத் தரையில் ஊன்றி, கண்ணாடியைத் தள்ளி வைத்துவிட்டு, காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தாள். எழும்பிக் கையைத் தட்டிக்கொண்டு, "வாப்பா, நான் பஸ்ல வாறேன்" என்றாள்.

ஹாஜியார் ஜுப்பாவை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். ஆனால் அப்போதும் குனியவில்லை.

மறுநாள் கார் லொறியில்தான் போனது. மச்சினன் வேடிக்கை பார்க்கக் கண்டிக்குப் போய்விட்டு, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து சொன்னான். ஹாஜியார் முன்பாதிக்குக் கீழே மட்டும் கண்ணாடி வைத்திருந்தாராம். பின்பாதிக்குக் கீழே தரையில் சிவப்புக் காப்பெட் விரிப்பு.

"காப்பெட்டா?"

"நல்ல காப்பெட், மச்சான். மூணாவது பரிசும் கெடச்சிச்சி."

"மகள்?"

"பஸ்ல வந்து எறங்கினா. கூட ரெண்டு டீச்சர்மாரு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். நான் பரிசுக்குத்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு, பரிசாகக் கிடைத்த கோப்பை எவ்வளவு உயரம் என்று அவன் கையால் காட்டத் தொடங்கினான்.