தோளோடு நின்ற கைகள்

மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயிலில் தீபம் காட்டியபோது எல்லோரும் தலைக்கு மேல் கைகூப்பினார்கள். என் கைகள் தோளோடு நின்றுவிட்டன. சில வாரங்களாகத் தலை சீவவும் முடியவில்லை.

"உவள் சாமிக்கும் கை தூக்கமாட்டாளாம். கண்ணுக்கு ஊதா மை வேறை!" என்றார் மாமி, கோயிலுக்கே கேட்கும்படி. எந்த நோய் வருத்தத்துக்கும் மாமி வைத்திருக்கும் பெயர் தலைக்கனம்தான்.

பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத பெண் என் இமைகளை உற்றுப் பார்த்தார்.

"தங்கச்சி, உது மை இல்லை. நான் டொக்டர். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்கோ."

என் உடலே என் தசைகளைத் தாக்கி, இமைகளையும் ஊதாவாக்கும் அரிய நோய் என்று அங்கே கண்டுபிடித்தார்கள். தொடக்கத்திலேயே பிடிபட்டதால் மருந்துக்கு அடங்கியது. "என்ரை நேர்த்தி பலிச்சிட்டுது" என்று மாமி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

இப்போது என் கைகள் நன்றாக உயர்கின்றன. மாமியைக் கண்டால் மட்டும் கூப்புவதில்லை. அது நோயில்லை.