சாப்பிட்டாச்சு சார்

பந்தியில் நின்று பரிமாறும்போது என் பெரியப்பா ஒன்று சொல்வார்: "இலையப் போட்டுட்டுக் கேளு, கேட்டுட்டு..." மீதி மறந்துவிட்டது. மாணவர் உதவி மையத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கேள்வி கேட்பதுதான் வேலை. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு நான் படும் பாடு புரியும். சிங்கப்பூரிலிருந்து திரும்பி, பெரம்பலூரில் வீடு பிடித்து, அரியலூரில் ஒரு கல்லூரியில் இந்த வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

இரண்டு மொழிப் படிவம்

பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு போட முன்வந்தார்கள். யார் யாருக்கு என்று கண்டுபிடிப்பது என் பொறுப்பு. தமிழிலும் ஆங்கிலத்திலுமாக ஒரு படிவம் தயாரித்தேன். 'இன்று காலை உணவு உண்டீர்களா? ஆம் / இல்லை.' இரண்டு மொழியிலும் ஒரு பிழை கிடையாது.

வகுப்பு வகுப்பாகக் கொடுத்து வாங்கினோம். அத்தனையிலும் 'ஆம்'. கூட வேலை பார்க்கும் ராஜேந்திரன் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்ம புள்ளைங்க நல்லா சாப்புடுதுங்க சார். வேணாம்னு எழுதி அனுப்பிடலாம்." நான் எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

பெயர் தைத்த கோட்டு

படிப்பு முடித்துப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் லேப் கோட்டுகளைத் துவைத்துத் தேய்த்து அலமாரியில் வைத்திருக்கிறோம். புதிது வாங்க முடியாதவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எல்லாரும் வந்து பார்ப்பார்கள்; கை மட்டும் வைக்க மாட்டார்கள்.

முதலில் எடுத்தவள் மலர்விழி. வேதியியல் முதலாம் ஆண்டு, மீன்சுருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவள். கோட்டுப் பையில் 'கவிதா' என்று சிவப்பு நூலில் தைத்திருந்தது. பிரித்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். "எங்கக்காவுதுன்னு சொல்லிக்கிறேன் சார். எனக்கு அக்கா கெடையாது, அத யாரு கேக்கப்போறா?"

முதல் பீரியட்

அடுத்த மாதம் அதே மலர்விழியைத் துறையிலிருந்து என்னிடம் அனுப்பினார்கள். தினமும் ஒன்பது மணிக்கு, முதல் பீரியடுக்கு ஆள் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் வருகைப்பதிவு போதாமல் பரீட்சை எழுத முடியாது. அப்புறம் படிப்பு எதற்கு, வேலைக்குப் போ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள் என்று அவளே சொன்னாள். அவள் ஏறக்கூடியது இரண்டு பஸ். முதல் பஸ் இங்கே எட்டேகாலுக்கு வரும், அடுத்தது ஒன்பது இருபதுக்கு. ஏன் முதல் பஸ்ஸில் வருவதில்லை என்றதற்கு, தூங்கிவிடுகிறேன் என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். ஆச்சு என்றாள். அலாரம் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.

சொன்னபடி திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். பதினோரு மணிக்கு லேபில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்று கூப்பிட்டார்கள். ஓடினேன். கவிதாவின் கோட்டைச் சரிசெய்துகொண்டே என்னைச் சமாதானப்படுத்தினாள்: "மயக்கம்லாம் இல்ல சார். நின்னா கண்ணு இருட்டுது, அவ்ளோதான்."

கேண்டீனில்

கேண்டீன் நடத்தும் பாக்கியம் அக்கா அவளுக்கு நாலு இட்லி வைத்தார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அவள் வேண்டாம் என்பதற்குள் சாம்பாரையும் ஊற்றிவிட்டார். அவள் சாப்பிட்டு வகுப்புக்குப் போனபிறகு நான் பையிலிருந்த படிவத்தை எடுத்துக் காட்டிப் புலம்பினேன். அக்கா அதை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"சாப்டியான்னு கேட்டா நம்மூர்ல எவ சார் இல்லம்பா? நீங்களுந்தான் ஏழு மணி பஸ்ஸப் புடிச்சு வரீங்க. தெனம் நான் கேக்குறேன், தெனம் ஆச்சுங்குறீங்க. எந்த பஸ்ல வந்தேன்னு கேளுங்க, போதும். ஆறு மணிக்குக் கெளம்புற வூட்ல என்ன வெந்திருக்கும்?"

எனக்கும் ஒரு தட்டு வந்தது.

மிச்சமிருந்த படிவங்களில் ஒன்றைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'முதல் பஸ்ஸில் வந்தவர்கள் உள்ளே வரவும்' என்று எழுதி, கேண்டீன் கதவில் ஒட்டினேன்.