வரப்பில் நின்ற முகமூடி

தொண்ணூறுகளின் நடுவில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் பருத்தி இருந்தது. காய்ப்புழுவுக்கும் மூன்று ஏக்கர் இருந்தது. அதே மூன்று ஏக்கர். நான் வாங்கிக் குவித்த மருந்தைப் பார்த்து மனம் இளகிய கடைக்காரர் முகமூடி, கண்ணாடி, ரப்பர் கையுறை, முழங்கால் பூட்ஸ் என்று ஒரு செட்டை இலவசமாகக் கொடுத்தார். மருந்தடிக்கும்போது கட்டாயம் போடவேண்டும் என்றார். நான் சொல்பேச்சுக் கேட்பவன், போட்டுக்கொண்டேன்.

மருந்தடித்தது மட்டும் நானில்லை. எங்கள் தோட்டத்து வேலைக்காரர், இடுப்பில் ஒரு துண்டோடு டேங்க்கை முதுகில் சுமந்து அடித்தார். நான் வரப்பில், வேப்பமர நிழலில் நின்று மேற்பார்வை பார்த்தேன்.

"அடியெலைய உட்டுப்போட்டயேப்பா."

முகமூடிக்குள்ளிருந்து நான் சொன்னது அவருக்குக் கேட்கவே இல்லை. வேலை ஒழுங்காக நடந்ததற்கு அதுதான் காரணம். காற்று என் பக்கம் திரும்பினால் மட்டும் நான் வேறு வரப்புக்கு மாறிக்கொள்வேன். டேங்க் கசிந்து அவர் முதுகு நனைந்தது. குளுகுளுவென்று இருக்கிறது என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆறாவது டேங்க்கில் வரப்புக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். வாயில் எச்சில் ஒழுகியது, கை வெடவெடத்தது. ஓடினேன். பூட்ஸ் எனக்கு இரண்டு சைஸ் பெரியது. வாய்க்காலில் குப்புற விழுந்தேன். சோறு கொண்டுவந்த அவர் மனைவி என்னைத் தாண்டிப்போய், வாய்க்கால் தண்ணீரை அள்ளி அவர் முதுகைக் கழுவினார். குரல் உயரவே இல்லை.

"அடிக்கறது எங்க ஊட்டுக்காரரு. நீங்க எதுக்குங்க வேசங் கட்டியிருக்கறீங்க?"

பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சேறும் பூட்ஸுமாக நின்ற என்னைத்தான் நர்சம்மா முதலில் கட்டிலில் படுக்கச் சொன்னார். பாவம், உடுப்பைப் பார்த்து யார் மருந்தடித்தவர் என்று கணக்குப் போட்டிருக்கிறார். வேலைக்காரரைக் காட்டுவதற்குள் என் கையில் ஊசிக்கு இடம் பார்த்துவிட்டார்கள்.

நான்கு நாள் கழித்து அவர் பிழைத்து வீடு வந்தார். அடுத்த மருந்துக்குக் கூப்பிடப் போனபோது அவர் மனைவிதான் வாசலில் நின்றார். இனிமேல் அவர் டேங்க் தொடமாட்டார், களை வெட்டுவார், தண்ணீர் கட்டுவார், அவ்வளவுதான் என்றார்.

டேங்க்கை நானே தூக்கினேன், முழு வேஷத்தோடு. இரண்டாவது வரிசையிலேயே கண்ணாடியில் ஆவி படிந்து செடி எது, வரப்பு எது என்று தெரியவில்லை. பூட்ஸுக்குள் வியர்வை குளமாக நின்றது. இத்தனை நாள் நிழலில் நின்றே இதை நல்ல உடுப்பு என்று ஊரெல்லாம் புகழ்ந்திருந்தேன்.

வேப்பமரத்தடியில் மண்வெட்டியோடு எங்கள் வேலைக்காரர் நின்றார்.

"ஏனுங்க, அடியெலைய உட்டுப்போட்டீங்களே."

முகமூடி போட்டிருந்தும் எனக்கு நன்றாகவே கேட்டது.