தாம்ஹிணி மலைப்பாதையில் விசாலம்

விசாலம் கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகிப் புனேக்கு வந்தவர். வானவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பத்தாறாவது வயதில், கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து கார் ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டார். ஆனால் வீட்டுக்கு மாருதி வந்த பிறகும் ஸ்டியரிங் மட்டும் கைக்கு வரவில்லை. "இந்த ஊர் டிராஃபிக் உனக்கு ஒத்துவராது" என்று கணவர் கந்தசாமி ஒரே வரியில் முடித்துவிடுவார்.

2003-இல் மழை ஓய்கிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் திவேஆகர் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். முன்னால் கந்தசாமியும் விசாலமும். பின்சீட்டில் புனேயிலேயே பிறந்து வளர்ந்த மகள் அகல்யா. முல்ஷி ஏரியைத் தாண்டியதும் தாம்ஹிணி மலை தொடங்கியது. பாறை இடுக்கெல்லாம் மஞ்சள் பூ. கொஞ்ச தூரத்தில் மூடுபனி இறங்கி, ரோடே கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

ஓர் ஏற்றத்தில், வளைவைத் திரும்பி ஒரு சிவப்பு பஸ் திடீரென்று எதிரே வந்தது. கந்தசாமி பிரேக்கை மிதித்தார். இன்ஜின் அணைந்துபோனது. பஸ் உரசாமல் போய்விட்டது. ஆனால் திரும்பக் கிளப்பினால் வண்டி முன்னால் போகாமல் பின்னால் உருண்டது. மறுபடியும் அப்படியே. பின்னால் நின்ற டெம்போக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அரே அப்பா, பீச்சே! பின்னாடி டெம்போ இருக்கு!" என்று அகல்யா அலறினாள்.

விசாலம் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தார். "ஏனுங்க, கொஞ்சம் எறங்குங்க. நான் எடுக்கறேன்."

"இந்த மேட்டுலயா? உனக்கா?"

"மேட்டுல நிறுத்தி எடுக்கத்தானுங்க எனக்கு நல்லாப் பழக்கி உட்டாங்க."

கந்தசாமியின் நெற்றி வியர்த்திருந்தது. விசாலம் ஸ்டியரிங் பக்கம் நகர்ந்துகொள்ள, அவர் இறங்கிச் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

விசாலம் இன்ஜினைக் கிளப்பி முதல் கியரைப் போட்டார். கிளட்ச்சை மெல்ல மெல்ல விட்டார். வண்டி லேசாக அதிர்ந்த அந்த நொடியில் ஹேண்ட்பிரேக்கை இறக்கினார். மாருதி ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காமல் மேட்டில் ஏறியது.

"வாஹ் அம்மா, வாஹ்! க்யா பாத் ஹை!" அகல்யா கைதட்டினாள்.

ஏற்றம் முடிந்து இறக்கம் வந்தது. கியரைக் குறைத்து, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு நிதானமாக இறங்கினார் விசாலம். கந்தசாமி தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டே வந்தார். பனி விலகியது. கால் தானாகத் தளர்ந்தது. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"இத்தனை அருவியா இந்த ரோட்டுல! ஓட்டிட்டு இருந்தப்ப ஒண்ணையுமே பாக்கலையே!"

விசாலத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திவேஆகரில் சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் கடல் விரிந்தது. விசாலம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அகல்யாவுக்கு முன்னால் ஓடினார். பாக்குத் தோப்புக்குள், வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடும் ஒரு வீட்டில் சாப்பாடு. இலையில் வந்த மோதக்கைப் பிட்டுப் பார்த்த கந்தசாமி, "அட, நம்மூர்க் கொழுக்கட்டை!" என்று இன்னும் இரண்டு கேட்டு வாங்கினார்.

சாப்பிட்டு எழுந்ததும் விசாலம் கேட்டார்: "ஸ்ரீவர்தன் வரைக்கும் கடலை ஒட்டியே ரோடு போவுதாமா. அந்த பீச்சையும் பாத்துட்டுப் போலாமுங்களா?"

"என்னை எதுக்குக் கேக்கற? டிரைவர் நீதான?"

ஒரு பக்கம் குன்று, மறுபக்கம் கைக்கெட்டும் தூரத்தில் அலை. ஸ்ரீவர்தனில் மூவரும் கால் நனைத்து, இளநீர் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். வருகிற வழியெல்லாம் கந்தசாமி வாயைத் திறந்தபடி தூங்கினார்.

அன்று தொடங்கியதுதான். மகாபலேஷ்வர், கோலாப்பூர், கோவா என்று விடுமுறைக்கு விடுமுறை விசாலம்தான் வண்டியை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்மார் இரண்டு பேர், அவரைப் பார்த்து டிரைவிங் வகுப்பில் சேர்ந்தார்கள். கந்தசாமியோ அலுவலகத்தில், "கார்ல போனா பக்கத்து சீட்டுதாங்க சொகம்" என்று சொல்ல ஆரம்பித்தார். மலைப்பாதை வந்தால் மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உரித்து மனைவியிடம் நீட்டுவார்.