கிளிஞ்சல் தின்ற மருதாசலம்

நாமக்கல்லுக்குத் தெற்கே ஒரு கோழிப்பண்ணையில் மருதாசலம் அண்ணன் வேலை பார்த்தார். மூவாயிரம் கோழிகள்; மனிதர் அவர் ஒருவர்தான். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகள் வசந்தாமணியைப் பள்ளிபாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். தீவனக் கடைக்காரனான நான் வாரம் ஒருமுறை மூட்டை இறக்கப் போவேன். அவருக்குப் பேச்சுத் துணை அவ்வளவுதான்.

எண்பத்திரண்டாம் வருஷம் அவருக்குக் காசநோய் வந்தது. மூன்று மாதம் ஊசி போட்டார்கள். நெஞ்சு தேறியது, காது போய்விட்டது. இத்தனை கோழி கத்துகிற இடத்தில் காது போனால் நிம்மதிதானே என்று கேலி செய்தவன் நான்தான். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார், சிரிக்கவில்லை. அப்போதுதான் பேத்தி பிறந்திருந்தாள். அவள் வாயால் ‘அப்புச்சி’ என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

சேலத்தில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் சொல்லச் சொல்ல, அண்ணன் படிப்பதற்காகத் தாளில் எழுதினேன். உள்காதில் மயிர் மாதிரி முளைத்த செல்கள் இருக்கின்றன. சத்தம் பட்டு மயிர் அசைந்தால் செல்லுக்குள் கால்சியம் போகும். அது போனால்தான் நரம்புக்குச் சேதி போகும். இதுவரை எழுதினேன். இவருக்கு ஊசி மருந்தில் அந்தச் செல்களே செத்துவிட்டன, திரும்ப முளைக்காது என்று டாக்டர் முடித்தார். அண்ணன் என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை வரவில்லை. தாளை அப்படியே மடித்துக் கொடுத்துவிட்டேன்.

கால்சியம் என்றால் பண்ணைக்காரருக்குத் தெரியாதா? முட்டை ஓடு கெட்டிப்படத் தீவனத்தில் கிளிஞ்சல் தூள் கலப்பவர் அவர்தானே. அதைச் சலித்து, மோரில் கலக்கி, தினமும் காலையில் ஒரு கரண்டி குடித்திருக்கிறார். ஒன்றரை வருஷம். தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. பயந்தாங்கொள்ளி நான்.

எண்பத்தைந்து தைப்பொங்கலுக்கு வசந்தாமணி குழந்தையோடு வந்தாள். நானும் மூட்டையோடு போயிருந்தேன். அண்ணன் கூண்டுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குழந்தை அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, “அப்புச்சி” என்றது. மறுபடியும் கூப்பிட்டது. அப்புறம் வேட்டியைப் பிடித்து இழுத்தது. திரும்பியவர் எங்கள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டார்.

நேராக என்னிடம் வந்தார். “இன்னும் எத்தன நாளைக்குக் குடிக்கோணுமுங்க?”

பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, அன்று விட்ட வரியை எழுதிக் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தார்.

“இதையும் அன்னைக்கே சொன்னாருங்களா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இன்றும் வாரம் தவறாமல் போகிறேன். மூட்டைகளை இறக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விடுவார். என் உதட்டை மட்டும் அவர் பார்ப்பதே இல்லை.