சாரல் மேல் பழி போடாதவள்

என்னோடு வேலை பார்த்த இசக்கியம்மாள் போய்விட்டாள் என்று அவள் தம்பி ஒரு நாள் காலையில் போனில் சொன்னான். மஞ்சள்காமாலை முற்றிவிட்டதாம். தென்காசி பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே அழுதேன். அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் எங்கள் வாட்ஸப் குழுவில் மேலாளரின் இரங்கல் செய்தி வந்துவிட்டது: "எல்லோருடனும் இணங்கிப் போனவர்." சுத்தப் பொய். ஒரு நாளாவது அவளோடு மல்லுக்கட்டிய யாருக்கும் அது தெரியும்.

வீடுகளிலும் கடைகளிலும் இருக்கும் பிராட்பேண்ட் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை எழுதுவதுதான் எங்கள் வேலை. ஒரு சீசனில் குற்றாலத்து லாட்ஜுகளிலிருந்தும் கடையத்திலிருந்தும் ஒரே புகார். எழுத்து போகிறது, படம் போகவில்லை. சாரலில் ஒயர் நனைந்திருக்கும் என்றார் மேலாளர். ஆனி, ஆடியில் இங்கே துணி காயாவிட்டாலும் சாரல்தான், ஆள் வேலைக்கு வராவிட்டாலும் சாரல்தான். நாங்களும் தலையாட்டினோம். இசக்கி மட்டும் கேட்டாள்: "சாரலுக்கு சின்னது பெருசு தெரியுமா சார்? ஒயரு நனைஞ்சா ரெண்டும்லா நிக்கணும்?"

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு கடையத்துக்குப் போனாள். இ-சேவை மையம் நடத்தும் அண்ணாச்சி கொதித்துப்போயிருந்தார். "காலேஜுக்கு அப்ளை பண்ண வந்த பிள்ளைக அங்கன உக்காந்திருக்கு பாருங்க. இன்னைக்குத்தான் கடைசி. ஒரு சர்டிபிகேட்டும் ஏற மாட்டேங்கு."

அங்கேயே உட்கார்ந்து இசக்கி தவற்றைக் கண்டுபிடித்தாள். இணைப்பு தொடங்கும்போது எங்கள் பெட்டியும் இணைய நிறுவனத்தின் எதிர்முனையும் பேசிக்கொள்ளும். தகவலை எவ்வளவு பெரிய பொட்டலமாக அனுப்பலாம் என்று எதிர்முனை சொல்லும், எங்கள் பெட்டி சரி என்னும். முதல் தடவை அதன்படிதான் நடந்தது. இணைப்பு அறுந்து மறுபடி சேரும்போதோ, சரி என்று சொல்லிவிட்டு, பெட்டியில் முன்பே குறித்துவைத்திருந்த பெரிய அளவிலேயே அனுப்பியது. பெரிய பொட்டலங்கள் வழியிலேயே தொலைந்தன. சாரல் செய்ததெல்லாம் இணைப்பை அறுத்தது மட்டும்தான். எங்கள் அலுவலகத்தில் இணைப்பு அறுவதே இல்லை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

"பாத்தியாட்டி, சரின்னு சொல்லிட்டு தன் இஷ்டத்துக்கு அனுப்புது. அப்படியே நம்ம ஆபீஸ்தான்" என்று சிரித்தாள். அந்தப் பெட்டியில் மட்டும் அளவைக் கையால் குறைத்துவைத்தாள். பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஏறின.

எல்லாப் பெட்டியிலும் அப்படியே குறைத்துவிட்டுப் புகாரை முடிக்கச் சொன்னார் மேலாளர். அவள் மறுத்தாள். "அது தப்பை மூடி வைக்கிறது சார். திருத்தாம இந்த சாப்ட்வேர் வெளிய போவாது."

"வேற ஆள் பாத்துக்கிடுவேன்."

"பாருங்க. வேல தெரிஞ்சவன்னா அவனும் இதத்தான் சொல்லுவான்."

திருத்தினாள். திருத்தியதோடு விடாமல் ஒரு சோதனையும் சேர்த்தாள்: இணைப்பு ஒவ்வொரு முறை சேரும்போதும், ஒப்புக்கொண்ட அளவில்தான் அனுப்பப்போகிறோமா என்று பார்த்த பிறகே மென்பொருள் அடுத்த வேலைக்குப் போகும்.

அவளை அடக்கம் செய்த வாரமே மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அந்தச் சோதனையால் இணைப்பு சேரக் கொஞ்சம் தாமதமாகிறதாம், எடுத்துவிட வேண்டுமாம். "இனிமே யாரும்மா சண்டை போடப்போறா?" என்று சிரித்தார்.

"நான் போடுவேன் சார்" என்றேன்.

சோதனை இன்றும் இருக்கிறது. என்னை எடுத்தாலும் எடுப்பார்கள், எடுக்கட்டும். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சில வரிகளும், அவற்றுக்காகச் சண்டை போடும் வாயும்தான். நாளைக்கு நானும் போய்விட்டால், எல்லோருடனும் இணங்கிப் போனவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.