மெக்னீசியம் ஹப்பைக் கழுவியவர்

1. தட்டில் எரிந்த தூள்

என் பட்டறையில் தீப்பிடித்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஒரு பைக்கின் கிளட்ச் கவரால்.

சங்ககிரியில் ஆர்கன் வெல்டிங்கும் லேத்தும் வைத்துப் பிழைக்கிறவள் நான். வெல்டிங் என் கை, லேத் வீட்டுக்காரர் கை. லாரியின் கியர்பாக்ஸ் ஹவுசிங் உடைந்தாலும், போர் போடுகிற ரிக் வண்டியின் பம்ப் கவர் விரிந்தாலும் எங்களிடம் வரும். பைக் சாமான் வருவது அபூர்வம். அதனால் பிரபு என்கிற பையன் கையகலக் கவர் ஒன்றை நீட்டி, "ஆயில் கசியுதுங்க அக்கா, கொஞ்சம் ஒட்டிக் குடுங்க" என்றபோது நான் பெரிதாக யோசிக்கவில்லை. என் மகன் வயசுக்காரர்களெல்லாம் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டறை மரியாதை அது. நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"என்ன மெட்டலு?"

"அலாய்ங்க."

அலாய் என்றால் எங்களுக்கு அலுமினியம். ஒட்டுகிற இடத்தைச் சுத்தம் செய்யக் கிரைண்டரில் பிடித்தேன். எடை ஏதோ குறைகிறதே என்று கை சொன்னது, நான் கேட்கவில்லை. திடீரென்று கீழே தட்டில் விழுந்திருந்த தூள் வெள்ளை வெளேரென்று எரிந்தது. வெல்டிங் வெளிச்சத்துக்குப் பழகிய என் கண்ணே கூசிப்போனது. வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார்.

"ஊத்தாதீங்க! மெக்னீசியமுங்க அது! தண்ணி பட்டா இன்னும் எரியும்!" என்று பிரபு கத்தினான்.

பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த காய்ந்த மணலை மூன்று பேரும் அள்ளி வந்து மூடினோம். அடங்கிய பிறகு அவனைப் பிடித்துக்கொண்டேன். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? பட்டறையே போயிருக்குமே!"

"எல்லாரும் அலாய்னுதானுங்க சொல்லுவாங்க" என்றான். பயத்தில் முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

2. உட்கார இடமில்லாத வண்டி

டீ குடித்துக்கொண்டே வண்டியைப் பற்றிச் சொன்னான். ட்ரையல்ஸ் பைக் என்று பெயர். வேகமாக ஓட்டுவதற்கான வண்டி இல்லை அது. பாறை மேலும் பள்ளத்திலும் காலைத் தரையில் ஊன்றாமல் ஏறி இறங்க வேண்டும். ஊன்றினால் மார்க் போய்விடும். நின்றுகொண்டே ஓட்டுவதால் சீட் கிடையாது. வண்டியையே தூக்கித் திருப்ப வேண்டியிருப்பதால் ஒவ்வொரு பாகத்திலும் எடையைக் குறைத்திருப்பார்கள். அலுமினியத்தை விட மெக்னீசியம் இன்னும் லேசு.

பெங்களூரில் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறான். வாரம் முழுக்கத் திருச்செங்கோட்டில் ரிக் கம்பெனி வேலை. ஞாயிறு காலையில் எங்கள் மலையடிவாரப் பாறைகளில் பழக்கம். முதல் முறையாக ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான்.

கவரை வெளிச்சத்தில் பிடித்தேன். ஊசி குத்தியதுபோல் துளைகள். "வித்தவன் மட்டமான வார்ப்பத் தலைல கட்டிட்டானுங்க" என்று பொருமினான். ஒரு துண்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. முழு வண்டியையும் கொண்டுவரச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு குட்டியானை டெம்போவில் வண்டியை ஏற்றி வந்தான். கூடவே அவன் அப்பா, சின்னுசாமி அண்ணன். அவர் மகன்தான் இவன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் லாரி ஓட்டிய காலத்தில் அவர் ஹவுசிங்கை நான்தான் ஒட்டுவேன். அவர் லாரியைப் போல் சுத்தமான லாரி சங்ககிரியில் இருந்ததில்லை. பித்தளை ஹாரனில் முகம் பார்த்துத் தலை சீவலாம். முட்டி தேய்ந்து, மகனும் லாரி வேண்டாம் என்றுவிட, வண்டியை விற்றுவிட்டார். அதிலிருந்து அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு குறைவு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். டெம்போவை விட்டு இறங்கியும் ஆளுக்கொரு பக்கம்தான் நின்றார்கள்.

"உக்கார எடமில்லாத வண்டிக்கு இத்தன ஆர்ப்பாட்டம் பாரு அம்மிணி" என்று அண்ணன் என்னிடம் சொன்னார். மகனைப் பார்க்கவில்லை. ஆனால் வண்டி தரையில் இறங்கியதும் தோள் துண்டை எடுத்து ஹேண்டிலில் இருந்த தூசியைத் துடைத்தார்.

3. முன் ஹப் நன்றாக இருந்தது

பின் சக்கரத்தைக் கழற்றினேன். நடுவிலிருக்கும் ஹப்பில் ஸ்போக் துளைகளைச் சுற்றி உலோகம் அரித்துப் போயிருந்தது. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு மயிரிழை விரிசல். சக்கரத்தின் இழுப்பு முழுவதையும் தாங்குகிற இடம் அது. பாறை உச்சியில் நிற்கும்போது பிய்த்துக்கொண்டால் ஆள் கீழே, வண்டி அவன் மேலே.

முன் ஹப் மட்டும் புதுசுபோல இருந்தது. அது அலுமினியம், இதற்கு முன் வண்டியை வைத்திருந்த யாரோ மாற்றியிருக்கிறார்கள். பின்னது மெக்னீசியம். ஒரே பாறை, ஒரே சேறு, ஒரே தண்ணீர். மெக்னீசியமும் லேசுப்பட்டதல்ல. மேல்பூச்சு இருக்கிறவரை வருஷக்கணக்கில் உழைக்கும். கல்லில் உரசிப் பூச்சு போனாலும் இப்படிச் சீக்கிரம் கரையாது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. அரித்துப்போன சாமான் வழக்கமாக அழுக்கேறிக் கிடக்கும். இது பளிச்சென்று இருந்தது. பிரஷ் போகிற சந்துகள் இன்னும் பளிச். அரிப்பும் அங்கேதான் அதிகம்.

"இத யாரு கழுவறது?" என்றேன்.

"அப்பாதானுங்க" என்றான் பிரபு.

அவசரமே இல்லாத ஒரு பேரிங்கை வாங்கிவரச் சொல்லி அவனை அனுப்பினேன்.

"ஏனுங்ணா, எதப் போட்டுக் கழுவறீங்க?"

"புளிதான் அம்மிணி. நம்ம போர் தண்ணி பட்டா எதா இருந்தாலும் வெள்ளையாப் பூத்துருதே. இவன் வண்டில பின்னாடி ரொம்பப் பூக்குது. ஊறவெச்ச புளியப் போட்டு, பல்லு வெளக்கற பிரஷுல தேச்சாத்தான் போகுது. நம்ம ஹாரனுக்குப் போட்ட அதே புளி."

எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு தப்பும் தெரியாது. சொம்பு, குழாய், வாளி எல்லாம் வெள்ளை பூக்கும், நாங்கள் புளி போட்டுத் தேய்ப்போம். மெக்னீசியம் அரிக்கும்போதும் அதே வெள்ளைதான் பூக்கும். அவர் அதை உப்பு என்று நினைத்துப் புளி போட்டிருக்கிறார். புளி உலோகத்தைத் தின்றிருக்கிறது. அடுத்த வாரம் இன்னும் அதிகமாகப் பூக்க, அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்திருக்கிறார்.

சொல்வதா வேண்டாமா என்று எனக்குள் ஒரே போராட்டம். பழைய வண்டி, வயசாகிவிட்டது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நாளைக்கு வேறு கவர் போட்டாலும் அவர் புளியோடு வருவார். சொன்னாலோ, மகனுக்கென்று அவர் செய்கிற ஒரே காரியமும் நின்றுபோகும்.

வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. உள்ளே போய்க் கொஞ்சம் புளி கரைத்து எடுத்துவந்தேன். ஒரு லாரியின் அலுமினிய ஹவுசிங் மேல் ஒரு சொட்டு விட்டேன், சும்மா கிடந்தது. கிளட்ச் கவர் மேல் ஒரு சொட்டு விட்டேன். சுர்ரென்று நுரைத்தது.

அண்ணன் குனிந்து பார்த்தார். "இந்த நொரை வருமே. அழுக்குப் போகுதுன்னு நெனச்சேன்."

"அழுக்கில்லீங்ணா. சாமானே கரையுது."

அவர் ஹப்பை எடுத்து விரிசலை விரலால் தடவினார். "பாற மேல இருக்கறப்ப இது உட்டுப்போயிருந்தா?"

"உட்டுப்போகலீங்களே. அதுக்குள்ள பாத்துட்டமே."

துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

4. வாசலில் நிறுத்திய சேறு

பிரபு பேரிங்கோடு வந்தான். "பழைய சாமான் சாமி, அதனால..." என்று நான் ஆரம்பித்தேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கண்ணு, வித்தவனத் திட்டாத. நாந்தான் புளி போட்டுத் தேச்சுத் தேச்சே கரைச்சுப்போட்டேன். இனி உன் வண்டியத் தொடமாட்டேன்."

பிரபு ஹப்பைப் பார்த்தான். விரிசலைப் பார்த்தான். என்ன சொல்லப்போகிறானோ என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்கப்பா, மலையடிவாரத்துலயே பம்ப்செட் ஓடுது. நான் அங்கயே கழுவிட்டு வந்தரலாமுங்க. வாராவாரம் எதுக்குச் சேத்தோட கொண்டாந்து வாசல்ல நிறுத்தறேன்னு நெனச்சீங்க?"

அண்ணன் புரியாமல் விழித்தார்.

"நீங்க வெளிய வருவீங்கன்னுதானுங்க. இதக் கழுவறப்பத்தான் எங்கூடப் பேசறீங்க. எங்கடா இடிச்ச, எப்படிடா ஏறுனன்னு கேக்கறீங்க. தொடமாட்டேன்னா நான் யாருகிட்டச் சொல்றது?"

வீட்டுக்காரர் ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்திவிட்டார். அண்ணன் என்னிடம் திரும்பினார். "அப்ப இத எதுல கழுவோணும் அம்மிணி?"

"குடிக்கற தண்ணில கழுவுங்க. ஈரமில்லாமத் தொடைங்க. பூச்சு உரிஞ்ச எடத்துல உடனே பெயிண்ட் தொட்டுருங்க. புளிய ரசத்துக்கு மட்டும் வெச்சுக்குங்க."

அவர் சிரித்துவிட்டார். பிரபுவும் சிரித்தான்.

5. கடைசியில்

துளை விழுந்த கவரை நான் ஒட்டவில்லை. உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரியாத மெக்னீசியத்தின் மேல் வெல்டிங் ஆர்க் போட எனக்குத் துணிச்சல் இல்லை. பிரபு வேறு கவர் தேடிப் பிடித்தான். பின் ஹப்பை வீட்டுக்காரர் அலுமினியக் கட்டியில் கடைந்து கொடுத்தார். "எடை கூடுமேங்க" என்று பிரபு இழுத்தான். "கூடட்டும், உங்கப்பன் நிம்மதியாத் தூங்குவாரு" என்றேன்.

போட்டிக்கு அப்பனும் மகனும் சேர்ந்தே போனார்கள். திரும்பி வந்த அண்ணனிடம் மகன் எத்தனையாவதாக வந்தான் என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியல அம்மிணி. அவன் காலு ஊனறப்பல்லாம் எனக்கு முட்டி வலிச்சுது" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இரண்டே விஷயம் இருக்கிறது. அலாய் என்று யார் சொன்னாலும், கிரைண்டரில் வைக்கும் முன் என்ன உலோகம் என்று பாருங்கள். பக்கத்தில் காய்ந்த மணல் இருக்கட்டும். இரண்டாவது, அரித்துப்போன சாமான் வந்தால் வார்த்தவனையும் விற்றவனையும் திட்டுவதற்கு முன்னால், இதை யார் கழுவுகிறார்கள் என்று கேளுங்கள். கேட்கும்போது குரலைக் கொஞ்சம் இறக்கிக் கேளுங்கள், அந்த ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கலாம்.